கோடையில் வெளிநாட்டு அரசுப் பணியில் இன்டர்ன்ஷிப்: விண்ணப்பத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கல்லூரி விடுமுறையின் இரண்டு மூன்று மாதங்களை வெளிநாட்டில் ஒரு தூதரகத்திலோ, அமைச்சகத்திலோ, பல அரசுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பிலோ வேலை பழகிக் கழிக்க வேண்டும். அதற்குக் கைக்காசு பெரிதாகக் கரையவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து அமைய வேண்டும் என்று நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

நல்ல மதிப்பெண் வைத்திருந்தும் இதில் கோட்டை விடுகிறவர்கள் பெரும்பாலும் விண்ணப்பத்திலிருந்து தொடங்குகிறவர்கள். அறிவிப்பு கண்ணில் பட்டதும் ரெஸ்யூமேவைத் தூசி தட்டி அனுப்பிவிடுவார்கள். தங்கள் குடியுரிமைக்கு அங்கே இடமே இல்லை என்பது பிறகுதான் தெரியும். தேர்வானவர்களிலும் சிலருக்கு, 'உதவித்தொகை உண்டு' என்ற வரிக்குள் விமான டிக்கெட் அடங்காது என்பது மே மாதம்தான் உறைக்கும். அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறோம். முதலில் உங்களுக்கு எங்கே இடம் இருக்கிறது, அடுத்து செலவு யாருடையது, அதற்கடுத்து எப்போது தொடங்க வேண்டும் என்று பார்ப்போம். விண்ணப்பம் எழுதுவது அதற்கு அப்புறம்.

படி 1: உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இடம் தரும் அலுவலகம் எது?

அரசு சார்ந்த வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் என்று ஒரே பெயரில் சொல்லப்பட்டாலும், உள்ளே நான்கு தனித்தனி வகைகள் இருக்கின்றன.

முதல் வகை, சொந்த நாட்டின் வெளியுறவுத் துறையும் அதன் தூதரகங்களும். இங்கே குடியுரிமைதான் முதல் வடிகட்டி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மாணவர் இன்டர்ன்ஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். பல ஆண்டுகள் ஊதியமில்லாமல் நடந்த அந்தத் திட்டத்தில் 2022-இல்தான் ஊதியம் தரத் தொடங்கினார்கள். வேறொரு நாட்டுத் தூதரகம் 'மாணவர்கள் தேவை' என்று அறிவித்தால், அது அவர்கள் நாட்டு மாணவர்களுக்கானதா, தூதரகம் இருக்கும் ஊரின் மாணவர்களுக்கானதா என்பதை முதல் பத்தியிலேயே தேடிப் பாருங்கள்.

இரண்டாம் வகை, அரசுகளுக்கு இடையிலான அமைப்புகள். ஐ.நா. செயலகம், உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வர்த்தக அமைப்பு, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜெனீவாவில் உள்ள இயற்பியல் ஆய்வகமான செர்ன் எல்லாம் இதில் வரும். குடியுரிமை வடிகட்டி இங்கே அகலமானது, ஆனால் இல்லாமல் இல்லை. ஆசிய வளர்ச்சி வங்கிக்கு அதன் உறுப்பு நாட்டவராக இருக்க வேண்டும். நேட்டோவுக்கு நேட்டோ நாட்டவராக இருக்க வேண்டும்.

மூன்றாம் வகை, வேறொரு நாட்டின் அரசோ நாடாளுமன்றமோ வெளிநாட்டவருக்கென்றே நடத்தும் திட்டம். ஜெர்மன் நாடாளுமன்றத்தின் சர்வதேச உதவித்தொகைத் திட்டம் நல்ல உதாரணம். உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம், பணமும் உண்டு. ஆனால் அது மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை ஐந்து மாதம் ஓடும். பட்டம் முடித்திருக்க வேண்டும், ஜெர்மன் மொழி சரளமாக வர வேண்டும், பட்டியலில் உள்ள நாடுகளுக்கு மட்டுமே இடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் 'புளூ புக்' பயிற்சியும் இப்படித்தான். பணம் தருகிறார்கள், எல்லா நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இடம் குறைவு. மூன்றாண்டுப் பட்டம் கையில் இருக்க வேண்டும். மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கும் ஐந்து மாதப் பயிற்சி அது. கோடை விடுமுறைக்குள் அடங்காது. படித்துக்கொண்டிருப்பவர்கள் இவற்றை இந்த ஆண்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பட்டம் வாங்கிய பிறகான ஆண்டுக்குக் குறித்து வையுங்கள்.

நான்காம் வகையைத்தான் பலர் கவனிப்பதில்லை: வேலை ஓர் இடம், பணம் வேறோர் இடம். அலுவலகம் ஒரு காசும் தராது. ஆனால் கல்லூரியோ, அரசோ, அறக்கட்டளையோ அந்தக் காலத்துக்கான செலவைத் தரும். அமெரிக்காவில் பெல் உதவி (குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கான அரசு உதவி) பெறும் மாணவர்களுக்கான கில்மன் உதவித்தொகை 5,000 டாலர் வரை தருகிறது. வெளிநாட்டில் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கும் அதைப் பயன்படுத்தலாம். ஐரோப்பியக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு எராஸ்மஸ் பிளஸ் பயிற்சி உதவி இருக்கிறது. குறைந்தது 2 மாதம், அதிகபட்சம் 12 மாதம். அதில் ஒரு முடிச்சு உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த நிறுவனங்களில் செய்யும் பயிற்சிக்கு அந்தப் பணம் கிடைக்காது. பணம் தருகிறவர் எந்த இடத்தை ஏற்பார், எதை ஏற்க மாட்டார் என்று முதலிலேயே படித்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

சில உதவித்தொகைகளின் பின்னால் கடமையும் வரும். அமெரிக்காவின் போரன் உதவித்தொகையை வாங்கினால், படிப்புக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு கூட்டாட்சி அரசுப் பணியில் இருந்தாக வேண்டும். அரசுப் பணிக்கே போக நினைப்பவருக்கு அது வரம். மற்றவர்கள் கையெழுத்துக்கு முன் யோசிக்க வேண்டும்.

படி 2: எத்தனையாவது ஆண்டு படிக்கிறீர்கள்?

குடியுரிமைக்கு அடுத்த வடிகட்டி படிக்கும் ஆண்டு. இளங்கலை முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு இந்தத் துறையில் இடம் குறைவு என்பதை நேராகவே சொல்லிவிடுகிறோம். ஐ.நா. செயலகம் இளங்கலை இறுதியாண்டிலிருந்துதான் எடுக்கும். உலக சுகாதார நிறுவனம் மூன்றாண்டு முழுநேரப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்கிறது, வயது 20 ஆகியிருக்க வேண்டும். செர்ன் கோடைத் திட்டமும் மூன்றாண்டு முடித்தவர்களுக்குத்தான். இயற்பியல், கணினி, பொறியியல் மாணவர்களுக்கு உகந்தது, 8 முதல் 13 வாரம். உலக வர்த்தக அமைப்பு ஒரு படி மேலே போய், இளங்கலை முடித்து முதுகலையில் ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும் என்கிறது, வயது 21 முதல் 30 வரை. ஆசிய வளர்ச்சி வங்கிக்கு முதுகலை அல்லது ஆய்வுப் படிப்பில் இருக்க வேண்டும். யுனிசெஃப் மட்டும் 18 வயது நிறைந்த இளங்கலை மாணவர்களையும் சேர்க்கிறது, 6 முதல் 26 வாரம்.

இன்னும் ஒரு கண்ணி உண்டு. 'மாணவராக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை எந்தத் தேதிக்கு? விண்ணப்பிக்கும் நாளுக்கா, இன்டர்ன்ஷிப் முடியும் நாளுக்கா? இறுதியாண்டு மாணவர் மே மாதம் தேர்வு எழுதி முடித்தால் ஜூனில் அவர் மாணவர் இல்லை. சில இடங்கள் பட்டம் முடித்து ஓராண்டு வரை ஏற்கும். சில இடங்கள் கோடைக்குப் பிறகு மறுபடி வகுப்புக்குத் திரும்புகிறவர்களை மட்டும் ஏற்கும். அறிவிப்பில் இந்த வரியை அடிக்கோடிட்டுப் படியுங்கள். புரியாவிட்டால் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். தகுதி பற்றிய கேள்விக்காக யாரும் உங்களைக் கழித்துக்கட்ட மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் போன்ற இடங்களில் பணியாளரின் மகன், மகள், உடன்பிறந்தவர் இன்டர்னாகச் சேர முடியாது. நெருங்கிய உறவினர் அங்கே இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

படி 3: 'உதவித்தொகை உண்டு' என்ற வரியைப் பிரித்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்பின் செலவு ஏழு துண்டுகளாக வரும்: போய்வரும் விமான டிக்கெட், விசா கட்டணம், மருத்துவக் காப்பீடு, அறை வாடகை, வாடகை முன்பணம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து. ஒரு தாளில் இந்த ஏழையும் இடப்பக்கம் எழுதுங்கள். நடுவில் 'அவர்கள்', வலப்பக்கம் 'நான்' என்று இரண்டு பத்தி போடுங்கள். அறிவிப்பைப் படித்து, அவர்கள் தருவதாகத் தெளிவாகச் சொன்னதற்கு மட்டும் நடுவில் டிக் போடுங்கள். சொல்லாத எல்லாமே உங்கள் பக்கம்தான். 'உதவித்தொகை' என்ற சொல் இருக்கிறதே, அதற்குள் டிக்கெட்டும் இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

உண்மையான ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பு இன்டர்னுக்கு ஒரு நாளைக்கு 60 சுவிஸ் பிராங்க் தருகிறது, சனி ஞாயிறும் விடுமுறை நாளும் சேர்த்து. பத்து வாரம் என்றால் 70 நாள், 4,200 பிராங்க். பார்த்தால் பெரிய தொகை. பயணச் செலவை அவர்கள் தருவதில்லை. காப்பீடும் உங்கள் பொறுப்பு. இப்போது செலவுப் பக்கம். பகிர்ந்து தங்கும் அறை மாதம் 900 பிராங்க் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மாதத்துக்கு 2,250. வீட்டில் சமைத்துச் சாப்பிட நாளுக்கு 15 என்றால் 1,050. பேருந்துக்கும் போனுக்கும் மாதம் 70 என்றால் 175. ஆக 3,475. மிச்சம் 725 பிராங்க். காப்பீடும் விசாவும் டிக்கெட்டும் இந்த 725-க்குள் அடங்க வேண்டும். டிக்கெட் விலையை இன்றே பார்த்தால் அடங்குமா அடங்காதா என்று தெரிந்துவிடும்.

இதைவிடக் கடுமையானது முதல் மாதம். முதல் தொகை 30-ஆம் நாள் கைக்கு வருகிறது என்று வையுங்கள். அறைச் சாவி வாங்கும் நாளில் முதல் மாத வாடகை 900, முன்பணம் ஒரு மாத வாடகை 900. அந்த மாதச் சாப்பாடு 450, பேருந்தும் போனும் 70. மொத்தம் 2,320 பிராங்க். இன்டர்ன்ஷிப் முழுச் செலவையும் ஈடுகட்டும் இடமாக இருந்தாலும் இந்தப் பணம் முதலில் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். பணமில்லாமல் இடத்தைத் திருப்பித் தருகிறவர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த முதல் மாதத்தில்தான். மொத்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கும், தேதிதான் உதைக்கும். கல்லூரியில் கடனாகவோ முன்பணமாகவோ தரும் நிதி இருக்கிறதா, உதவித்தொகையின் ஒரு பகுதியைப் புறப்படும் முன்பே தருவார்களா என்று கேட்டு வையுங்கள். வாடகை முன்பணம் திரும்பி வருவதும் அறையைக் காலி செய்து சில வாரம் கழித்துத்தான்.

வெளிநாட்டுப் பணம் பெற அங்கே வங்கிக் கணக்கு வேண்டுமா, ஊர்க் கணக்கிலேயே பெறலாமா என்பதையும் கேளுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் வங்கி ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும். மாதாமாதம் அனுப்பினால் அது மூன்று முறை போகும்.

யார் தருகிறார்கள், யார் தருவதில்லை? ஐ.நா. செயலகம் இன்டர்ன்களுக்குப் பணம் தருவதில்லை. நியூயார்க் ஆனாலும் ஜெனீவா ஆனாலும் இதுதான் நிலை. பெயர் பெரியது என்பதால் பணமும் இருக்கும் என்று நம்பி விண்ணப்பிக்கிறவர்கள் நிறைய. யுனெஸ்கோவும் தருவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நெடுங்காலமாகத் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தரத் தொடங்கியது. செர்ன் தினப்படியும் பயணத்துக்கென்று ஒரு தொகையும் தருகிறது. சிங்கப்பூர் அரசின் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டார், வெளிநாட்டு இளங்கலை மாணவர்களை ஆய்வகத்தில் சேர்த்து மாத உதவித்தொகை தருகிறது. அறிவியல் மாணவர்கள் இதைத் தவற விட வேண்டாம்.

'வீட்டிலிருந்தே செய்யலாம்' என்ற இன்டர்ன்ஷிப்புகளும் அறிவிப்புகளில் வரும். வெளிநாடு போகாததால் உதவித்தொகை குறையலாம், இல்லாமலும் போகலாம். அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ஜூனிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஜூன் முதல் நாள் அலுவலகத்தில் இருக்க வேண்டுமானால் முந்தைய செப்டம்பரில் தொடங்க வேண்டும். ஒன்பது மாதம் அதிகமாகத் தோன்றும். எங்கே போகிறது என்று பாருங்கள்: விசாவுக்கு ஆறு முதல் எட்டு வாரம், அறை தேட ஒரு மாதம், பின்னணிச் சரிபார்ப்புக்குச் சில மாதம், தேர்வுக் குழு படித்து நேர்காணல் வைக்க இரண்டு மாதம். செப்டம்பர், அக்டோபரில் பத்து இடங்கள் கொண்ட பட்டியல். நவம்பரில் காகிதங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விண்ணப்பம். செர்னுக்கு விண்ணப்பம் முடிவது ஜனவரியில். மார்ச், ஏப்ரல் நேர்காணல். ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை விசாவும் டிக்கெட்டும்.

தூதரக வகைக்கு இன்னும் முன்னதாகப் போக வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பு அவ்வளவு நீளம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் இன்டர்ன்கள் நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தில், கடந்த 10 ஆண்டில் குடியிருந்த ஒவ்வொரு முகவரியும் விடாமல் வேண்டும், நடுவில் ஒரு மாத இடைவெளிகூடக் கூடாது. கடந்த 7 ஆண்டின் வெளிநாட்டுப் பயணங்களும் வேண்டும். விடுதி அறை மாறிய தேதியெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? எந்த நாட்டுப் படிவமானாலும் இதே தகவலைத்தான் ஏதோ ஒரு வடிவில் கேட்கும். ஆகவே இப்போதே ஒரு கோப்பு திறந்து முகவரி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, அங்கே உங்களை அறிந்த ஒருவர் என்று எழுதி வையுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளைப் பார்த்துப் பயணத் தேதிகளையும் சேருங்கள். இரண்டு படிவங்களில் இரண்டு தேதி எழுதினால் சரிபார்ப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார். பொய் சொன்னதாக நினைக்காவிட்டாலும், விளக்கம் கேட்டு முடிப்பதற்குள் ஜூன் வந்துவிடும்.

உங்கள் கல்லூரியின் பருவத் தேதியும் அவர்கள் தொடக்கத் தேதியும் உரசும். உங்கள் தேர்வு ஜூன் நடுவில் முடிகிறது, அவர்கள் ஜூன் 1-இல் எதிர்பார்க்கிறார்கள் என்றால், விண்ணப்பத்திலேயே 'ஜூன் 18 முதல் ஆகஸ்ட் 28 வரை' என்று உண்மையான தேதியை எழுதுங்கள். தேர்வான பிறகு தேதியை இழுப்பதைவிட இது நல்லது.

படி 5: காகிதங்கள்

மதிப்பெண் பட்டியல், போனஃபைட் சான்றிதழ், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், ரெஸ்யூமே, பரிந்துரைக் கடிதம் இரண்டு. இவ்வளவுதான். ஆனாலும் இங்கே சறுக்குவது வழக்கம்.

பெயர்தான் முதல் சிக்கல். சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்று கல்லூரியிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். விசா நேரத்தில் ஓட வேண்டியிருக்காது.

மதிப்பெண்ணை நீங்களே வேறு நாட்டு அளவுக்கு மாற்றிப் போடாதீர்கள். '10-க்கு 8.2' என்று எழுதி, அளவின் உச்சம் எது என்று காட்டினால் போதும். போனஃபைட் சான்றிதழில் நீங்கள் இன்ன தேதி வரை மாணவர் என்ற வரி இருக்கட்டும். அந்தத் தேதி இன்டர்ன்ஷிப் முடியும் நாளுக்குப் பின்னதாக இருக்க வேண்டும். கல்லூரி அலுவலகம் வழக்கமாகத் தரும் அச்சில் அந்த வரி இருக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

பரிந்துரைக்குப் பேராசிரியரிடம் மூன்று வாரம் முன்பே போங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். எந்த அலுவலகம், என்ன வேலை, அவர் பாடத்தில் நீங்கள் செய்த திட்டப்பணி எது, கடைசித் தேதி எது என்று அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர்' என்ற கடிதத்தால் பயனில்லை. அவர் உங்களைப் பற்றிச் சொல்ல ஒரு நிகழ்வாவது அந்த அரைப்பக்கம் நினைவூட்ட வேண்டும். சில போர்ட்டல்கள் பரிந்துரைப்பவருக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பும். அது ஸ்பேமுக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: விண்ணப்பக் கடிதம்

ஒரு பக்கம், நான்கு பத்தி. தேர்வுக் குழுவுக்கு அதற்கு மேல் நேரம் இல்லை. இரண்டு தொடக்கங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒருவர் எழுதுகிறார்: 'சிறு வயதிலிருந்தே உலக அமைப்பில் பணியாற்றுவது என் கனவு. தங்கள் மதிப்புக்குரிய நிறுவனத்தில் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்புத் தரும்படி வேண்டுகிறேன்.'

இன்னொருவர்: 'மீன்வள மானியங்கள் குறித்து 2022-இல் உலக வர்த்தக அமைப்பு ஏற்ற ஒப்பந்தத்தை என் திட்டப்பணிக்காகப் படித்தேன். ஆறு நாடுகளின் மானிய அறிக்கைகளை ஒரே எக்செல் அட்டவணைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாடுகள் எரிபொருள் மானியத்தைத் தனியாகக் காட்டாததால் அவற்றை ஒப்பிட முடியவில்லை. இப்படிப்பட்ட அறிக்கைகளைத் தொகுக்கும் வேலையில் உங்கள் பிரிவுக்கு உதவ முடியும்.'

முதல் கடிதத்தை எந்த அலுவலகத்துக்கும் அனுப்பலாம், அதனாலேயே எந்த அலுவலகத்திலும் எடுபடாது. இரண்டாவதில் செய்த வேலை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, எங்கே முட்டிக்கொண்டார் என்பதும் இருக்கிறது. முட்டிய இடத்தைச் சொல்வதற்குத் தயங்க வேண்டாம். அரசு அலுவலகத்தில் இன்டர்னுக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் அறிக்கை சுருக்குவது, தரவு அடுக்குவது, கூட்டக் குறிப்பு எடுப்பது. அதைப் பொறுமையாகச் செய்யக்கூடியவர் என்று அவர்களுக்குப் பட வேண்டும்.

ஒரு கடிதத்தைப் பத்து இடத்துக்கு அனுப்புகிறவர்கள் பழைய நிறுவனத்தின் பெயரை எங்காவது மாற்ற மறந்துவிடுவார்கள். அனுப்பும் முன் கோப்பில் பழைய பெயரைத் தேடிப் பாருங்கள். கடைசித் தேதி எந்த ஊர் நேரம் என்றும் பாருங்கள். ஐ.நா. போர்ட்டல் நியூயார்க் நேரப்படி மூடும். ஆனாலும் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கடைசி மணி நேரத்தில் போர்ட்டல் திணறும், கோப்பு ஏறாது, யாரிடமும் முறையிட முடியாது.

படி 7: நேர்காணல்

வீடியோவில் இருபது முதல் நாற்பது நிமிடம். 'குழுவில் ஒருவர் வேலை செய்யாதபோது என்ன செய்தீர்கள்?', 'கெடுவுக்குள் முடிக்க முடியாத ஒரு வேலையைச் சொல்லுங்கள்' என்ற மாதிரிக் கேள்விகள்தான் அதிகம் வரும். நிலைமையை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். நீங்கள் செய்ததை ஐந்தாறு வாக்கியத்தில். என்ன ஆயிற்று என்பதை ஒன்றில். பலரும் நிலைமையிலேயே மூன்று நிமிடத்தைக் கரைத்துவிடுவார்கள். இன்னொன்று, 'நாங்கள் செய்தோம், நாங்கள் முடிவெடுத்தோம்' என்று பேசிக்கொண்டே போனால் மதிப்பெண் போடுகிறவருக்கு உங்கள் பங்கு எது என்று தெரியாது. இந்த இடத்தில் 'நான்' என்று சொல்வது தற்பெருமை ஆகாது. இப்படி நான்கு நிகழ்வுகளை முன்பே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம்.

கடைசியில் 'கேள்வி இருக்கிறதா?' என்பார்கள். பணத்தைப் பற்றி அங்கே கேட்கலாமா? அறிவிப்பில் இல்லாததைக் கேட்கலாம், ஆனால் நேர்காணல் குழுவிடம் வேண்டாம். தேர்வுக் கடிதம் வந்த பிறகு மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். குழுவிடம் 'முதல் இரண்டு வாரத்தில் இன்டர்ன் என்ன வேலை செய்வார்?' என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்தப் பிரிவு இன்டர்னுக்கு வேலை யோசித்து வைக்கவில்லை என்று பொருள். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

படி 8: தேர்வுக் கடிதம், விசா, அறை

கடிதம் கைக்கு வந்ததும் சம்மதம் சொல்லும் முன் படி 3-இல் எழுதிய தாளை எடுத்து ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். தொகை எவ்வளவு, எந்த நாணயம், எந்தத் தேதி, வரி பிடிப்பார்களா, உடம்பு சரியில்லாமல் வராத நாளுக்குக் குறைப்பார்களா? வாய்ப்பேச்சில் சொன்னது கடிதத்தில் இல்லாவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விசா வகையை நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்த வகை என்று அந்த அலுவலகத்தின் மனிதவளப் பிரிவிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா விசாவில் போய் அலுவலகத்தில் உட்காருவது அடுத்த பத்தாண்டுப் பயணங்களையே கெடுத்துவிடும். வாஷிங்டனில் உள்ள உலக வங்கி போன்ற அமைப்புகளுக்கென்றே ஜி-4 என்ற தனி வகை இருக்கிறது.

ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஒரு கணக்கு முக்கியம். எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். வரும் நாளும் போகும் நாளும் எண்ணிக்கையில் சேரும். ஜூன் 1 இறங்கினால் ஆகஸ்ட் 29 கடைசி நாள். 12 வார இன்டர்ன்ஷிப் 84 நாள், மிச்சம் ஆறு நாள் இருக்கும். 13 வாரம் என்றால் 91 நாள். ஒரே ஒரு நாளால் வேறு வகை விசா, வேறு படிவம், இன்னும் பல வாரக் காத்திருப்பு என்று ஆகிவிடும். 13 வாரம் என்று கடிதம் வந்தால், ஒரு வாரம் குறைக்க முடியுமா என்று அன்றே கேட்டுவிடுங்கள். அதே 180 நாளில் முன்பு அங்கே சுற்றுலா போயிருந்தால் அந்த நாட்களும் கழியும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பு வரை. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாகவும், அங்கிருந்து கிளம்பிய பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஜூன் 2024 முதல் விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ.

விசா கைக்கு வரும் முன் டிக்கெட்டைப் பணம் திரும்பாத வகையில் எடுக்காதீர்கள். அறைக்கு, அந்த அலுவலகத்தின் பழைய இன்டர்ன்கள் குழுவோ, அங்குள்ள பல்கலைக்கழக விடுதியோ முதல் இடம். கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போவதால் விடுதி அறைகள் காலியாகும். அறையைப் பார்க்காமல் முழு வாடகையையும் முன்பணத்தையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். முதல் ஒரு வாரத்துக்கு மட்டும் எங்காவது பதிந்துவிட்டு, நேரில் பார்த்து எடுப்பது சற்றுச் செலவானாலும் பத்திரம்.

பணம் கேட்கும் இடைத்தரகர்கள்

ஐ.நா. அமைப்புகள் தேர்வின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், 'இடம் உறுதி' செய்யும் கட்டணம் என்று யார் கேட்டாலும், கடிதத்தில் எவ்வளவு பெரிய முத்திரை இருந்தாலும், அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியைப் பாருங்கள். அமைப்பின் சொந்த முகவரியாக இல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த அமைப்பின் இணையதளத்தை நீங்களே திறந்து, அதே அறிவிப்பு அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு அரசு அலுவலகத்தில் இடம் பிடித்துத் தரும் தனியார் நிறுவனங்களும் உண்டு. அவற்றில் சில நேர்மையாகவே நடக்கலாம். ஆனால் பணம் கொடுத்து வேலை பார்ப்பதை உதவித்தொகையோடு கூடிய இன்டர்ன்ஷிப் என்று சொல்ல முடியாது.

போன பிறகு

முதல் நாள் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். அலுவலகத்துக்குள் எடுத்த படம், மேசை மேல் இருக்கும் காகிதம், கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்பது எதுவும் சமூக ஊடகத்துக்குப் போகக் கூடாது. இதில் ஒரு தவறு போதும், இன்டர்ன்ஷிப் அன்றே முடிந்துவிடும்.

கடைசி வாரத்துக்கு ஒரு வேலை மிச்சம் வையுங்கள். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பிரிவின் பெயர், செய்த வேலைகள் நான்கு வரி, மேற்பார்வையாளர் கையெழுத்து இவ்வளவும் கொண்ட சான்றிதழைக் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே கேளுங்கள். கடைசி மாதத் தொகை எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். உள்ளூர் வங்கிக் கணக்கை அந்தத் தொகை வரும்வரை மூட வேண்டாம். மேற்பார்வையாளருக்கு உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் மாலை அடையாள அட்டையைத் திருப்பித் தந்ததும் அலுவலக மின்னஞ்சல் மூடிவிடும், அதிலிருக்கும் முகவரிகளும் அதோடு போய்விடும்.